சுவரில் ஒட்டிய தேதிகள்

நகரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் அகிலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும் என்று எங்கள் தமிழ் டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். உன் நைனாவுக்கு இருமல், எனக்குக் கோபம், மற்றபடி நலம். நீயும் நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி வைத்திருக்கிறாயா? போனில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். உன் நைனா கூப்பிட்டால் மட்டும் எடுத்து, "நல்லாக்கீறேன் நைனா, துன்னுட்டேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். நீ திருப்பதி கபடி அகாடமியை விட்டுப் போய்விட்டாய், ஸ்ரீசிட்டியில் போன் பாகம் பூட்டும் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாய், சத்தியவேடு ரோட்டில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாய் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெற்றவளுக்குச் செய்தி வரும் வழியைப் பார்.

தெலுங்கில் எழுதினால் நீ வேகமாகப் படிப்பாய். எனக்குப் பேச வருமே தவிர எழுத வராது. பொறுமையாக எழுத்துக் கூட்டிப் படி. கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

கோச் ஹரிபிரசாத் சார் போன் செய்தார். நீ எல்லோர் முன்னாலும் அவரை எதிர்த்துப் பேசினாயாம், மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாயாம். எதற்கு சார் என்று கேட்டேன். "தேதி எழுதறதுக்குப் போயி இவ்ளோ கோபம்மா உங்க பொண்ணுக்கு" என்றார். தேதி என்றால் வேறென்ன, மாதாமாதம் பெண்களுக்கு வருகிற தேதிதான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இதற்காகவா மூன்று வருஷம் முட்டி தேய ஆடின ஆட்டத்தை விட்டுவிட்டுப் போய் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருக்கிறாய்?

நம் வீட்டில் அது என்றைக்கு ரகசியமாக இருந்தது? திருமலைக்கு டிக்கெட் எடுப்பதானால் இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே எடுக்க வேண்டும். யாருக்கு எப்போது வரும் என்று காலண்டரில் வட்டம் போடாமல் இந்தப் பக்கத்தில் எந்த வீட்டில் டிக்கெட் எடுக்கிறார்கள்? சமையலறைக் காலண்டரில் எனக்கு நீல வட்டம், உனக்குச் சிவப்பு வட்டம். நீ அகாடமிக்குப் போன பிறகும் போனில் கேட்டுக் கேட்டுப் போட்டுவந்தேன். சார் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, எந்த நாளில் எவ்வளவு பயிற்சி கொடுக்கலாம் என்று பார்க்கத் தேதிகள் வேண்டும், அகிலா சொல்ல மாட்டேன் என்கிறாள் என்றார். காலண்டரை எடுத்துப் பார்த்துப் படித்துச் சொன்னேன். வாத்தியார் கேட்டால் சொல்லமாட்டோமா? அவர் ஒன்றும் தெருவில் போகிறவர் இல்லையே. உனக்கு முட்டி பிசகினபோது தன் வண்டியிலேயே புத்தூர்க் கட்டுக்குக் கூட்டிப்போனவர். மாதத்தில் பாதி நாள் தன் கைக்காசில் முட்டை வாங்கிப் போட்டவர். இதை எல்லாம் மறந்துவிட்டாயா?

இங்கே செய்தி என்றால், மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிறது. தறி ஓடுகிற நேரத்தைவிட நின்று நம்மைப் பார்க்கிற நேரம் அதிகம். பக்கத்து வீட்டு சுந்தரம்மா தினமும் ஒரு தடவை வந்து, "இன்னா இந்திராணி, பொண்ணு இப்ப எங்க ஆடிக்கினு கீது?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். லீவில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

முக்கியமான விஷயம் ஒன்று. நம் சித்தூர் ஜில்லா பெண்கள் அணிக்கு அடுத்த மாதம் ஆள் எடுக்கிறார்கள். அகாடமியில் பதிவான பெண், அவர்கள் விடுவித்து ஒரு கடிதம் கொடுத்தால்தான் நம் ஜில்லாவுக்கு ஆடலாமாம். இல்லாவிட்டால் இந்த வருஷம் முழுவதும் எங்கேயும் ஆட முடியாது. அதனால் செவ்வாய்க்கிழமை நானே திருப்பதிக்குப் போகிறேன். உன் பெட்டியையும் சர்டிபிகேட்டையும் எடுத்துக்கொண்டு, சாரிடம் நாலு நல்ல வார்த்தை பேசி, அந்தக் கடிதத்தையும் வாங்கி வருகிறேன். நீ ஒரு சாரி சொன்னால் வேலை சுலபமாகும். வாய் தேய்ந்துவிடாது.

கோபமாகவே இருக்கும் உன் அம்மா,
இந்திராணி.

ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி? உப்பாவது போடுகிறார்களா?


நகரி,
வியாழக்கிழமை.

அகிலா,

நான் திருப்பதிக்குப் போவதையும் உன்னைச் சாரி சொல்லச் சொன்னதையும் நைனா போனில் சொல்லிவிட்டாராம், அதற்கு நீ அவர் போனுக்கு அனுப்பிய செய்தியை நான் கிளம்புகிற நேரத்தில் காட்டினார். "அம்மாவை ஹால்ல தண்ணி கேன் பக்கத்துச் சுவத்தைப் பாக்கச் சொல்லு. அப்புறம் சாரி யார் சொல்றதுன்னு சொல்லட்டும்." இவ்வளவுதான் இருந்தது. என்ன திமிர் என்று திட்டிக்கொண்டேதான் பஸ் ஏறினேன்.

பார்த்தேன்.

ஹாலுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவர் அது. கதவு அளவுக்கு ஒரு சார்ட். பெண்கள் பெயர் வரிசையாக, மேலே மாதங்கள், கட்டம் கட்டமாகச் சிவப்பு மையில் தேதிகள். தள்ளிப்போனவர்களுக்கு வட்டம் போட்டு இங்கிலீஷில் 'லேட்' என்று எழுதியிருக்கிறது. உன் பெயருக்கு நேரே பார்த்தேன். நான் போனில் படித்துச் சொன்ன தேதிகள் ஒன்று விடாமல் இருந்தன. கடைசிக் கட்டத்தில் வட்டம், அதற்குள் 'லேட்', பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வேறு.

நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஆண்கள் அணி பயிற்சிக்கு வந்துவிட்டது. உனக்குத் தெரிந்ததுதான், சாயங்காலம் அதே ஹால்தானே அவர்களுக்கும். தண்ணீர் பிடிக்க வந்தவர்களில் ஒருவன் சார்ட்டில் விரலை வைத்துத் தேடி, "இன்னிக்கு எவர்ரா ரெஸ்ட்டு?" என்று கேட்டான். இன்னொருவன் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்களுக்கு அது கிரிக்கெட் ஸ்கோர். நான் அங்கே நிற்பது அவர்களுக்குத் தெரிந்தும் சிரித்தார்கள்.

ஹரிபிரசாத் சார் வந்தார். காபி சொல்லட்டுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். இது என்ன சார் என்று சுவரைக் காட்டினேன். "அம்மா, இதி சயின்ஸ். பாரின் டீம்ஸ் அன்னி இட்லே சேஸ்தாரு" என்று ஆரம்பித்தார். வெளிநாட்டு அணிகள் எல்லாம் இப்படித்தானாம். அந்த நாட்களில் மூட்டு, தசையெல்லாம் சீக்கிரம் பிசகுமாம், அதைப் பார்த்துப் பயிற்சியைக் கூட்டிக் குறைக்க வேண்டுமாம். இருக்கலாம், எனக்கென்ன தெரியும். நான் கேட்டது ஒன்றுதான். சயின்ஸ் என்றால் அது ஒரு டாக்டரம்மா கையில் இருக்கட்டும், தண்ணீர் கேன் பக்கத்தில் அதற்கு என்ன வேலை? சுவரில் இருந்தால்தான் பெண்கள் ஏமாற்றாமல் சரியாகச் சொல்கிறார்கள் என்றார். அகிலாவைப் பற்றிக் கேட்டதற்கு, "மீரே கதா அம்மா தேதிலு இச்சாரு" என்றார். நீங்கள்தானே அம்மா தேதி கொடுத்தீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார். அட தேவுடா, என் கண்ணை நானே குத்திக்கொண்டு, வலிக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்ல?

நான் தேதி கொடுத்த பிறகு அங்கே நடந்ததை எனக்குச் சொன்னது உன் ரூமில் இருந்த சபீனா. உன் பெட்டி இருக்கிற வார்டன் ரூமைக் காட்டுகிறேன் என்று கூடவே வந்தாள். உனக்கு அந்த மாதம் தள்ளிப்போனது, சார் கபடி மேட் மேலே எல்லோரையும் நிறுத்தி வைத்து ஏன் என்று உன்னைக் கேட்டது, பையன்கள் அணியும் அப்போது அங்கே இருந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். உங்கள் அம்மாவே தேதி சொல்லியிருக்கிறார், பொய் சொல்லாதே என்று அவர் கேட்டதையும் சொன்னாள். கர்ப்பமா என்று பார்க்கிற கார்டை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வரச்சொல்லி, வார்டன் அலர்மேல்மங்கையோடு உன்னை பாத்ரூமுக்கு அனுப்பி, கதவைத் திறந்தே வைக்கச் சொல்லி... அதை நான் எழுத வேண்டாம். மெஸ்ஸில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நெகடிவ், நெகடிவ், இனி நிம்மதியா துன்னுங்க" என்று சார் சத்தமாகச் சொன்னாராம். எல்லோரும் கை தட்டினார்களாம். நீ தட்டோடு எழுந்து போய்விட்டாய் என்றாள்.

ராத்திரி பகலாக ஓடவிட்டு உடம்பை வாட்டினால் ஒரு மாதம் தள்ளித்தான் போகும். இது எனக்குத் தெரியும், பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பூக்காரிக்கும் தெரியும். அந்த மனுஷருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் கேட்டிருக்கிறார்.

அலர்மேல்மங்கை பெட்டியை எடுத்துக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் இன்னாம்மா பண்றது, சொன்னத்த செஞ்சேன், எனக்கும் ரெண்டு புள்ளைங்க கீது" என்றாள். அவளைத் திட்ட வாயைத் திறந்தேன், பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டேன். சர்டிபிகேட்டுகளும் விடுவிப்புக் கடிதமும் அகாடமி செக்ரட்டரி சுரேஷ்பாபு கையில் இருக்கின்றனவாம். அவர் வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். வெறும் பெட்டியோடு வந்தேன்.

வீட்டுக்கு வந்து உன் நைனாவிடம் சொன்னேன். அவரிடம் இதை எப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. பாதி சொன்னேன், மீதி அவருக்கே புரிந்தது. எழுந்துபோய்த் தறியை நிறுத்தினார். மின்சாரம் இருக்கும்போதே அவர் தறியை நிறுத்தி நான் பார்த்ததில்லை. "நான் போயி அவனுக்கு ரெண்டு குடுத்துட்டு வரேன்" என்றார். ரெண்டு கொடுத்தால் அவன் நாலு கேஸ் போடுவான், உட்காருங்கள் என்றேன். சமையலறைக் காலண்டரைக் கழற்றி எங்கே வைத்தார் என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

வருகிற திங்கட்கிழமை சித்தூர் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள். நான் போகிறேன். தமிழில் எழுதினால் வாங்கமாட்டார்கள், வெளியே மரத்தடியில் உட்கார்ந்து தெலுங்கில் எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்ல வாய் கூசும். கூசினால் கூசட்டும்.

சாரி யார் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தாய். நான்தான். இந்தக் கடிதம் முழுக்க அதுதான், தனியாக எழுதத் தெரியவில்லை.

அம்மா.


நகரி,
ஞாயிற்றுக்கிழமை.

கண்ணு அகிலா,

நைனா போனில் நீ, "அம்மா லெட்டர் வந்துது" என்று மட்டும் சொன்னாயாம். படித்தாயா என்று அவர் கேட்டதற்கு உம் என்றாயாம். அந்த ஒரு உம்முக்காக அன்றைக்குப் பாயசம் வைத்தேன். உன் நைனா விஷயம் புரியாமலே இரண்டு டம்ளர் குடித்தார்.

சித்தூர்க் கதையைக் கேள். வரிசையில் நின்று மனுவைக் கொடுத்தால், வாங்கினவர் படித்துவிட்டு, நீங்கள் நகரி, நகரி சித்தூர் ஜில்லா, அகாடமி இருப்பது திருப்பதி ஜில்லா, அங்கே போய்க் கொடுங்கள் என்றார். ஜில்லாவை இரண்டாகப் பிரித்தபோது என்னை யாரும் கேட்கவில்லை, என் பெண் ஒருத்திதான், அவளைப் பிரித்துக் கொடுக்க முடியாது என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, தானே திருப்பதிக்கு அனுப்புவதாக முத்திரை குத்தினார். எங்கேயாவது போய்த் தூங்கும் என்றுதான் நினைத்தேன். தூங்கவில்லை, வெள்ளிக்கிழமை திருப்பதிக்கு விசாரணைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு ஆபீசர் மேடம், ஒரு பக்கம் வக்கீலம்மா, இன்னொரு பக்கம் ரிடையர் ஆன ஒரு பி.டி. மாஸ்டர். எதிரே நானும் உன் நைனாவும். இன்னொரு பக்கம் ஹரிபிரசாத் சாரும் செக்ரட்டரி சுரேஷ்பாபுவும். உன் நைனா இருமலை அடக்கிக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்கள் இருக்கிற இடத்தில் இதைப் பேச நானும் கஷ்டப்பட்டேன். முதல் இரண்டு வாக்கியம்தான் கஷ்டம். அப்புறம் வண்டி ஓடிவிட்டது.

சார்ட் என்று ஒன்று இல்லவே இல்லை என்றார் சுரேஷ்பாபு. விசாரணைக்கு முதல் நாளே அதைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். மேடம் நேரில் போய்ப் பார்த்திருக்கிறார். சுவரில் அந்த இடம் மட்டும் கதவு அளவுக்குப் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறதாம், இங்கே என்ன இருந்தது என்று கேட்டதற்குக் காலண்டர் என்றார்களாம். அவ்வளவு பெரிய காலண்டர் பெருமாள் கோயிலில்கூட இல்லை என்று மேடம் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார்கள்.

ஹரிபிரசாத் சார் அப்படி மழுப்பவில்லை. இருந்தது, நான்தான் ஒட்டினேன், பயிற்சிக்காக ஒட்டினேன், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்டார். பிறகு தன் போனை எடுத்து மேடத்திடம் காட்டினார். நம் தெருவில் உன் மஞ்சள் நீராட்டுக்கு வைத்த ப்ளெக்ஸ் போட்டோ. அப்போது உனக்குப் பதின்மூன்று வயது. பட்டுப்புடவை, கிரீடம், கீழே தேதி, கிழமை, நேரம், ஊர் பேர் எல்லாம் கொட்டை எழுத்தில். மாமன்மார் எல்லோரும் கைகூப்பிக்கொண்டு, உன் நைனா மீசையை முறுக்கிக்கொண்டு உன்னைவிடப் பெரிதாக நிற்கிற அதே ப்ளெக்ஸ்தான். எவனோ எங்கேயோ போட்டதைத் தேடிப் பிடித்திருக்கிறார். "மெயின் ரோட்ல லைட் கட்டி ப்ளெக்ஸ் வெச்சவங்க, இப்ப ஹாலுக்குள்ள ஒரு பேப்பர் ஒட்டினா தப்புங்கறாங்க மேடம்" என்றார். பி.டி. மாஸ்டர் தலையை ஆட்டினார், அது சரிதானே என்கிற மாதிரி.

உன் நைனாவுக்கு முகம் செத்துவிட்டது. எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம், எழுந்து நின்றுவிட்டேன். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வெச்சோம் சார். ப்ளெக்ஸும் வெச்சோம், மைக்கும் கட்டினோம். வந்த ஜனம் என் ஜனம். சீர் வெச்சாங்க, நலங்கு வெச்சாங்க, வயிறார துன்னாங்க, நல்லா இருன்னு சொல்லிட்டுப் போனாங்க. அதுல ஒருத்தனும் அடுத்த மாசம் என் வூட்டு வாசல்ல வந்து நின்னுக்கினு, உன் பொண்ணுக்கு ஏன் லேட்டுன்னு கேக்கல." வக்கீலம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஹரிபிரசாத் சார் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

அங்கே ஜெயித்த மாதிரி உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் தோன்றியது. அந்த ப்ளெக்ஸுக்கும் உன்னை யாரும் கேட்கவில்லை. போட்டோக்காரர் சிரி சிரி என்று எத்தனை தடவை சொன்னார் என்பது நினைவு வந்தது. அதை அந்த மனுஷருக்கு எதிரில் ஒத்துக்கொள்ள மாட்டேன். உனக்கு எழுதுவதற்கென்ன.

கடைசியில் மேடம் என்னைக் கேட்டார், "அம்மாயிகி வயசெந்த அம்மா?" என்று. பத்தொன்பது என்றேன். அப்படியானால் மனு உங்கள் பெயரில் இருந்து பிரயோசனமில்லை, நடந்தது அவளுக்கு, அவள் சொல்ல வேண்டும், நேரில் வந்தோ எழுதியோ அவள் சொன்னால்தான் அடுத்த படிக்குப் போகும் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெற்றவள் சொன்னால் போதாதா என்று கேட்டேன். "பெத்தவங்க சொன்ன தேதியாலதானம்மா இவ்ளோ தூரம் வந்துருக்கு" என்று மேடம் சொன்னார். குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வராந்தாவில் சுரேஷ்பாபு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மனுவைத் திரும்பப் பெறுகிறோம், ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், அன்றைக்குச் சாயங்காலமே சர்டிபிகேட், விடுவிப்புக் கடிதம் எல்லாம் உங்கள் கையில் இருக்கும், பெண் ஜம்மென்று சித்தூருக்குப் போய் ஆடட்டும் என்றார். எழுதாவிட்டால் என்று கேட்டேன். எல்லாம் விசாரணை முடிந்த பிறகுதான் என்றார். அது எப்போது முடியும் என்பது அந்த ஏழுமலையானுக்குத்தான் தெரியும் என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டார். திரும்பப் போய் மேடத்திடம் கேட்டேன். கடிதத்தைக் கொடுக்கச் சொல்லித் தான் எழுதுவதாகவும், ஆள் எடுக்கும் நாளுக்குள் வந்து சேரும் என்று தன்னால் சத்தியம் செய்ய முடியாது என்றும் சொன்னார். பொய் சொல்லாத பெண்பிள்ளை. அதனால் வயிற்றெரிச்சல்தான் அதிகமாயிற்று.

சபீனா விசாரணைக்கு வரவில்லை, வரவிடவில்லை. மறுநாள் யார் போனிலிருந்தோ பேசினாள். அகிலா சொன்னால் நானும் சொல்கிறேன், அவள் வேண்டாம் என்றால் எனக்குத் தனியாகப் பயம் என்றாள். "சார்ட்டு போயிடுச்சு ஆன்ட்டி, ஆனா சார் இப்ப நோட்டுல எழுதச் சொல்றாரு" என்றும் சொன்னாள். மற்றப் பெண்கள் வாயைத் திறக்கவில்லையாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

உன் நைனா கடிதத்தை வாங்கிவிடலாம் என்கிறார். பெண் ஆட வேண்டும், இந்த வருஷம் போனால் அடுத்த வருஷம் முட்டி எப்படி இருக்குமோ என்று இரவெல்லாம் புலம்புகிறார். சுந்தரம்மாவுக்கும் எப்படியோ விஷயம் போய்விட்டது. பொம்பளைப் பிள்ளை விஷயம், ஊர் முழுக்க நாறும், விட்டுடு இந்திராணி என்கிறாள். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

அன்றைக்கு வராந்தாவில் சுரேஷ்பாபு இன்னொன்றும் சொன்னார். நீங்கள்தானே அம்மா, நீங்களே முடிவு சொல்லிவிடுங்கள், இங்கேயே எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவைக்கூட நீட்டினார். "எம் பொண்ண கேட்டுட்டு சொல்றேன்" என்றேன். அப்படி ஒரு வார்த்தையை இதுவரைக்கும் நான் சொன்னதே இல்லை, அகிலா.

அதனால் கேட்கிறேன். கடிதத்தை வாங்கிக்கொண்டு நீ ஆடப் போகிறாயா? இல்லை, நடந்ததைச் சொல்லப் போகிறாயா? இல்லை, இரண்டும் வேண்டாம், என்னை விட்டுவிடுங்கள் என்கிறாயா? எதுவானாலும் நீ சொன்னதைத்தான் அங்கே போய்ச் சொல்வேன். ஒரு வார்த்தை கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறது. அதற்குள் உன்னால் முடியவில்லை என்றால் இன்னும் நேரம் வேண்டும் என்று போய்க் கேட்பேன், தரமாட்டார்களா என்ன, நம்மைப் பார்த்தாலே இப்போது நாற்காலி போடுகிறார்கள்.

எனக்கு எது வேண்டும் என்று உன் நைனா கேட்டுப் பார்த்தார். சொல்லவில்லை. அவரிடம் சொன்னால் உனக்கு வந்துவிடும், வந்தால் அம்மா சொல்கிறாளே என்று நீ அதற்கு ஏற்ற மாதிரியோ, அதற்கு எதிராகவோ போவாய். இரண்டும் எனக்கு வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். உன் அம்மாவுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உனக்குத் தெரியும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி ஷிப்ட் என்றால் தனியாக ரோட்டில் நடக்காதே, கம்பெனி பஸ்ஸிலேயே வா. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டேன், நீ சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நகரியிலிருந்து சத்தியவேட்டுக்கு ஒரு பஸ் இருக்கிறது. முன்பானால் சொல்லாமல் வந்து உன் ஹாஸ்டல் வாசலில் நின்றிருப்பேன். இப்போது கேட்கிறேன், உன்னைப் பார்க்க வரலாமா? வா என்றால் வருகிறேன். வேண்டாம் என்றாலும் அதை உன் வாயாலேயே ஒரு தடவை எனக்குச் சொல், நைனாவிடம் சொல்லி அனுப்பாதே.

எங்கே இருந்தாலும் நல்லா இரு.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அம்மா.